அக்கா சொல்லாமல் விட்ட வரி

அன்று காலை ஐந்து நாற்பதுக்குத் திருச்சிப் பேருந்து என்னை ஊர் விலக்கில் இறக்கிவிட்டது. சரியாக விடிந்திருக்கவில்லை. பேருந்து திரும்பியபோது அதன் முகப்பு விளக்கில் முதலில் தெரிந்தது, சாலையோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரின் பின்பலகையில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர். வெளிச்சம் பட்டதும் அது பளிச்சென்று மின்னி அணைந்தது. டிரெய்லரில் பந்தல் கால்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடுக்கப்பட்டிருந்தன.

ஓட்டி வந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏறிக்கங்கண்ணே, அங்கிட்டுதான் போறேன்" என்றார். நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றபடி அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முந்தின நாள் மாலைதான் அக்காவைப் பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியிருந்தேன். விடியுமுன்னே அக்கா இறந்த தகவல் வந்துவிட்டது.

அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியவர் அக்கா. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அது தெரியும். ஏன் ஒட்டினார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அக்காவின் கணவரான மச்சானின் ஒப்புதலோடு அதை இங்கே எழுதுகிறேன்.

ஆவூருக்கு அருகே ஒரு சிற்றூரில், கொத்தனார் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவர் வீட்டுக்கு மதியம் யாராவது நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள். அக்கா பத்தாம் வகுப்பு எழுதிய ஆண்டில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் மேற்கொண்டு படிக்க அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. அவர் போகவில்லை. தையல் கற்றுக்கொண்டார். எங்கள் தெருவில் யார் பாவாடை சட்டை போட்டாலும் அது அக்கா தைத்ததாக இருக்கும். தம்பி தங்கைகள் நாங்கள் மூவரும் பட்டம் வாங்கியது அந்தத் தையல் இயந்திரம் ஓடியதால்தான். அதை அவர் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. விடுதிக்குப் போயிருந்தால் என்னவாகியிருப்பீர்கள் என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். "சிஸ்டராகியிருப்பேன், ஒங்க தொல்லை இல்லாம இருந்திருப்பேன்" என்றார்.

திருமணமாகிக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் வந்தார். மச்சானுக்குக் கடலை போடும் மானாவாரி நிலமும் கொஞ்சம் முந்திரியும் உண்டு. அக்காவுக்கு உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. வெகுநாள் காத்திருந்து பிறந்த ஒரே பிள்ளை பிரவின்.

அக்காவின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. பெரிய குரல். "மாப்ள, கந்தர்வக்கோட்டையில பஸ்ஸ நிப்பாட்டணும்னா ஒங்கக்கா இங்கன நின்னு கூப்பிட்டாப் போதும்" என்பார் மச்சான். அந்த ஊரில் இருப்பது சிறிய அந்தோணியார் கோயில். பங்குத்தந்தையான சாமியார் மாதம் ஒருமுறைதான் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளிலும், செவ்வாய்க்கிழமை மாலைகளிலும், அக்டோபர் மாதச் செபமாலையிலும் செபம் நடத்துவது அக்கா. அதற்கு யாரும் அவரை நியமிக்கவில்லை. குரல் நியமித்தது.

பிரவின் ஐ.டி.ஐ. முடித்துப் புதுக்கோட்டையில் ஒரு பணிமனையில் வேலை பார்த்தான். ஒரு மாலை, இருட்டத் தொடங்கிய நேரத்தில் பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன், தைலமரக் காட்டு வளைவில் நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் மோதினான். அச்சு முறிந்ததால் அதைச் சாலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். மேலே தைலமரக் கட்டைகள் ஏற்றப்பட்டிருந்தன. பின்விளக்கு இல்லை. எச்சரிக்கைக்கு ஒரு கிளையை வெட்டிப் போடவுமில்லை. அவன் அங்கேயே இறந்துவிட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நம் மக்கள் சாவு வீட்டில் சொல்லும் வார்த்தைதான் அது. ஆவூரிலிருந்து வந்த பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் சித்தம் ஆத்தா, நம்ம கையில என்ன இருக்கு" என்றார்.

அக்கா தலையை நிமிர்த்தினார். "பின்னாடி லைட்டு இல்லாம வண்டிய நிறுத்துனது ஆண்டவர் சித்தமா பெரியம்மா?"

"அப்படியெல்லாம் பேசக் கூடாது ஆத்தா, பாவம்."

"பாவந்தான். யாரு பாவம்னுதான் கேக்குறேன்."

பெரியம்மா கையை விட்டுவிட்டார். அதன்பின் அந்த வீட்டில் அந்த வார்த்தையை அக்கா காதுபட யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா மீண்டும் கோயிலில் செபம் நடத்த வந்தார். வருவாரா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வந்தார், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார், செபமாலையைத் தொடங்கினார்.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். இயேசு கற்றுக்கொடுத்த பரலோக மந்திரத்தை நாம் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறோம். முன்பாதியை நடத்துகிறவர் சொல்வார். அன்றாட உணவைக் கேட்பது முதலான பின்பாதியைக் கூட்டம் சொல்லும். முன்பாதியின் கடைசி வரியில்தான் 'சித்தம்' என்ற சொல் வருகிறது. இறைவனின் சித்தம் பரலோகத்தில் செய்யப்படுவது போல் பூமியிலும் செய்யப்படுவதாக என்று வேண்டும் வரி அது. அந்த வரி நடத்துகிறவருக்கு உரியது. அவர் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல ஆள் இல்லை.

அக்கா அந்த வரிக்கு முன்னால் நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. யாரோ செருமினார்கள். அக்கா பீடத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் முன்வரிசையில் ஒரு பெண் மெல்லப் பின்பாதியைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். செபமாலையின் மணிகளில் ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் அந்த மந்திரம் வரும். ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. அடுத்த வாரம் காத்திருப்பு குறைந்தது. சில வாரங்களில் காத்திருப்பே இல்லை. அக்கா நிறுத்துவார், கூட்டம் தொடரும். அந்தக் கோயிலின் செபத்திலிருந்து ஒரு வரி சண்டை சச்சரவு இல்லாமல் காணாமல் போயிற்று.

ஓர் அக்டோபர் விடுமுறையில் நான் போயிருந்தபோது மச்சான் பக்கத்தில் நின்றேன். அக்கா நிறுத்திய இடத்தில் மச்சானின் உதடு மட்டும் அசைந்தது. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவிக்குக் கேட்காதபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் கேட்டேன். "ஒரு வரிய விட்டுட்டியேக்கா?"

"விடல. நிறுத்தி வச்சிருக்கேன்."

"அப்படின்னா?"

"மத்ததெல்லாம் சொல்றேன்ல? அத மட்டும் சொன்னா வாய் பொய் சொன்ன மாதிரி இருக்குடா. எம் புள்ள செத்தது ஒம் விருப்பம், ரொம்ப நல்லதுன்னு சொல்லவா? ஊருக்காரங்ககிட்ட பொய் சொல்லலாம். அவருகிட்ட சொல்லி என்ன ஆகப் போவுது, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அப்ப செபத்த வேற யாரையாச்சும் நடத்தச் சொல்லலாம்ல?"

"அதெல்லாம் முடியாது" என்றார். "சண்டை போடணும்னா எதிர்த்தாப்ல நின்னுதான் போடணும். வீட்டுல ஒக்காந்துக்கிட்டா அவருக்கு என்ன தெரியும்?"

அக்காவின் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தப் பதிலைத்தான். அவர் கோயிலை விட்டு விலகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவில்லை. நோயாளி வீடுகளுக்குப் போனார். சாவு வீடுகளில் போய்ப் பாத்திரம் கழுவினார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். பாத்திரம் கழுவி முடித்ததும், "நாளைக்கு வாரேன்" என்பார். மறுநாள் வருவார். ஆனால் அந்த வரியைச் சொல்லவில்லை. சில ஆண்டுகள் இப்படியே போயின.

பிறகு அந்தப் பிள்ளைகளின் விஷயம் வந்தது.

புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளைப் பங்குத்தந்தை முன்கூட்டி அழைத்துச் செபங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். அந்த ஆண்டு புதிதாக வந்திருந்த இளம் சாமியார், பல ஊர்ப் பிள்ளைகளையும் பங்குக் கோயிலில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். அக்காவின் ஊர்ப் பிள்ளைகள் முறை வந்தது. முதல் பிள்ளை பரலோக மந்திரத்தைத் தடங்கலில்லாமல் சொன்னாள். ஒரு வரி இல்லை. இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை, எல்லோரும் அதே இடத்தில் அதே வரியைத் தாண்டினார்கள்.

"நடுவுல ஒரு வரி வருமே?" என்றார் சாமியார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து, "எங்க ஊர்ல அவ்வளவுதான் சாமி" என்றாள்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு வெளியே நின்ற தாய்மார்களுக்குக் கேட்டிருக்கிறது. பூசையில் அந்தச் செபம் முழுதாக வருமே, அதைப் பிள்ளைகள் கேட்டதில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். பூசையில் அதைப் பாடுவார்கள், சொற்களும் புதியவை. அந்தப் பிள்ளைகளுக்கு அது பாட்டு. செபம் என்பது அக்கா சொல்வது.

சாமியார் ஊருக்கு வந்தார். பிரவின் விஷயத்தை விசாரித்து வந்தவர் போலத் தெரிந்தது என்று மச்சான் சொன்னார். கோபப்படவில்லை. "நீங்க சொல்ல வேணாம்மா, ஒங்களக் கட்டாயப்படுத்தல. புள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக் குடுத்துருங்க" என்றார்.

"நான் சொல்லாம எப்படி சாமி அதுக சொல்லும்?" என்றார் அக்கா.

 சாமியார் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. மச்சானிடம் இதைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார். "எனக்கும் அவருக்கும் உள்ளது. இதுக என்ன பண்ணுச்சு? இதுக வாயிலருந்து புடுங்கிட்டேனே."

ஞாயிறு பிற்பகல் கோயில் முன்னிருக்கும் வேப்பமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்தார். அங்கே நான் இல்லை. பின்னால் கயிறு திரித்துக்கொண்டிருந்த மச்சானும், ஒரு பிள்ளையின் தாயும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

அக்கா வரியைச் சொல்லத் தொடங்குமுன், "எங்க ஊர்ல அவ்வளவுதான்" என்று சொன்ன அதே பிள்ளை கேட்டிருக்கிறாள்: "ஆண்டவர் சித்தம்னா என்ன அத்தை? பிரவின் அண்ணன் செத்துச்சே, அதுவா? எங்க அம்மா அப்படித்தான் சொல்லுச்சு."

தாய் எழுந்து வந்து பிள்ளையின் வாயைப் பொத்தப் போனாள். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.  அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது என்றார் மச்சான். பிறகு, சத்துணவுக் கூடத்தில் பேசும் அதே குரலில் கேட்டார்:

"ஏட்டி, சோறு வெந்துருச்சுன்னா நான் என்ன சொல்லுவேன்?"

"தட்ட எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவீங்க."

"வெந்த சோத்தப் பாத்து 'வேகட்டும், வேகட்டும்'னு சொல்லுவேனா?"

பிள்ளைகள் சிரித்தன. "மாட்டீங்க."

"எப்பச் சொல்லுவேன்?"

"வேகாதப்ப."

"அப்ப 'செய்யப்படுவதாக'ன்னு எதுக்குக் கேக்கச் சொல்லிக் குடுத்தாரு? இங்கிட்டு அது இன்னும் நடக்கல. நடக்கட்டும்னு கேக்கச் சொல்றாரு. பிரவின் அண்ணன் செத்தது அவரு சித்தம் இல்லடி. லைட்டு இல்லாம வண்டிய நிறுத்தாம இருக்கணும், அதான் அவரு சித்தம். அது அன்னைக்கு நடக்கல."

சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினார். திரும்பி வந்து வரியைச் சொல்லிக்கொடுத்தார். மூன்று நான்கு முறை சொல்லவைத்தார்.

நான் பல ஆண்டுகள் செய்தித்தாளில் பிறர் எழுதிய வாக்கியங்களைத் திருத்தும் வேலை பார்த்தவன். நடந்ததைச் சொல்லும் வினைக்கும், நடக்க வேண்டும் என்று கேட்கும் வினைக்கும் உள்ள வேறுபாடு என் அன்றாடத் தொழில். அந்த வரியைச் சிறு வயதிலிருந்து சொல்லிவருகிறேன். அதை நடந்துபோனவற்றுக்கு நாம் போடும் சம்மதக் கையெழுத்து என்றே நினைத்திருந்தேன். துக்கம் கேட்க வந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை செபமாலையில் அக்கா வழக்கமான இடத்தில் நிறுத்தவில்லை. வரியைச் சொன்னார். கூட்டமோ பழக்கத்தில் பின்பாதியைத் தொடங்கிவிட்டது. இரண்டும் மோதிக் குழம்பின. அக்கா கையைத் தட்டினார்.

"இருங்க. நான் இன்னும் முடிக்கல."

 அக்கா அந்த வரியை முதலிலிருந்து சொன்னார்.  பின்பாதியைப் பிள்ளைகள்தான் சத்தமாகச் சொன்னார்கள். மச்சானுக்கு அன்று அந்த வரியை உதட்டுக்குள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்டிக்கர். புதுக்கோட்டையில் வண்டி உதிரிபாகக் கடையில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று வாங்கி வந்தார். தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முதலில் பிரவின் மோதிய அந்த டிரெய்லர் இருந்த வீட்டுக்கே போனார். அந்த ஓட்டுநர் வழக்கு முடிந்த பிறகும் அக்காவின் தெரு வழியாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு போவார். அக்கா கத்தரிக்கோலோடு வருவதைப் பார்த்ததும் முந்திரித் தோப்புக்குள் நுழைந்துவிட்டார். அவர் மனைவிதான் வெளியே வந்தாள்.

"யக்கா, கேசெல்லாம் முடிஞ்சுபோச்சேக்கா."

"கேசுக்கு வரலத்தா. வண்டிய இங்கிட்டுத் திருப்பச் சொல்லு. பின்பலகையத் தொடைக்க ஒரு துணி குடு."

ஓட்டுநர் தோப்பிலிருந்து வந்தார், பலகையைத் துடைத்தார், அக்கா ஒட்டினார்.  பிறகு கடலைக்கும் தைலமரத்துக்கும் ஓடும் வண்டிகளைத் தேடித் தேடிப் போனார். மாட்டு வண்டிகளையும் விடவில்லை. சிலர் கிண்டல் செய்தார்கள். "அத்தை, எம் மாட்டு வாலுலயும் ஒண்ணு ஒட்டிவிடுங்க" என்றான் ஒருவன். "ஒட்டுவேன், ஒதைச்சா நீ வாங்கிக்க" என்றார். திருவரங்குளம் வரை ஸ்கூட்டியில் போய் ஒட்டியிருக்கிறார். அவர் எந்த மதத்துக்காரரின் வண்டி என்று பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

பிரவின் ஏன் இறந்தான் என்பது தனக்கு விளங்கிவிட்டதாக அக்கா ஒருபோதும் சொல்லவில்லை. "ஏன் தடுக்கலன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவரு இன்னும் சொல்லல. நானும் விடல" என்பார். ஆனால் கேட்ட குரல் மாறியிருந்தது. எதிரே நிற்பவரிடம் கேட்ட குரல், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கும் குரலானது.

ஓய்வுபெற்ற மறு ஆண்டு புற்றுநோய் தெரியவந்தது. தஞ்சாவூரில் மருத்துவம் நடந்தது. வலி பற்றிக் கேட்டால், "வலிக்குது" என்பார். அதற்கு மேல் சேர்க்க மாட்டார். இதுவும் ஆண்டவர் சித்தமா என்று ஒரு உறவுக்காரர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். "டாக்டரு, நர்சு, மருந்து, நீங்க வந்து பாக்குறது, இதெல்லாம் அவரு சித்தம். இந்தக் கட்டி இல்ல" என்றார் அக்கா.

கடைசி நாள்களில் அந்தப் பெரிய குரல் போய்விட்டது. கட்டிலருகே செபமாலையை மச்சான் நடத்தினார். வாழ்நாளில் அவர் செபம் நடத்தியது அந்த நாள்களில்தான். நான் திருச்சிக்குத் திரும்பிய மாலை, மச்சான் முன்பாதியைச் சொல்லிக்கொண்டே வந்து, அந்த வரிக்கு முன்னால் நின்றுவிட்டார்.  அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நாங்கள் பின்பாதியைத் தொடங்கினோம்.

போர்வைக்கு மேல் அக்காவின் கை உயர்ந்தது.

"இருங்க" என்றார்.

நாங்கள் நிறுத்தினோம். அக்கா அந்த வரியைச் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கி, ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் பதில் சொன்னோம்.

அக்காவின் நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அந்தோணியார் கோயில் தெருப் பெண்களுக்கும், அடக்கத்தன்று விடுப்புப் போட்டு வந்து பந்தியில் பரிமாறிய பழைய சத்துணவுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. பந்தல் கால்களையும் நாற்காலிகளையும் தன் டிரெய்லரில் ஏற்றிவந்து, மறுநாள் திருப்பிக் கொண்டுபோனவருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். முதலில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட வண்டி அவருடையது.

கடைசியாக வாங்கிய சுருளில் பாதி மீதம் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில், கத்தரிக்கோலோடு சேர்த்து அக்கா மாட்டி வைத்திருந்தார். அக்கா வீட்டில் தங்கி இதை நான் எழுதும் வாரத்தில் கடலை ஏற்ற வண்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. இன்று காலை ஆணியில் சுருள் இல்லை. மச்சான் ஊர் விலக்குக்குப் போயிருந்தார்.